எடைமேடை அக்காவின் கண்

"மழையில இன்னும் பாக்கலை தம்பி" என்று அந்த அக்கா சொன்னபோது சித்திரை மாதம் பாதிகூட முடியவில்லை. எரியோட்டுப் பக்கம் கருவேல மரங்களே வாடி நின்றன. போனைக் காதில் வைத்தபடி நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு துண்டு மேகம் இல்லை.

எங்கள் ரைபிள் கிளப்புக்கு ஒரு ஸ்கோப் வாங்க வேண்டியிருந்தது. துப்பாக்கியின் மேல் பொருத்தித் தூரத்து இலக்கைக் கிட்டத்தில் கொண்டுவந்து காட்டும் தொலைநோக்கிதான் ஸ்கோப். அதுவரை நாங்கள் வெறும் இரும்புக் குறியை வைத்துக் கிட்டத்து இலக்கு அட்டைகளைச் சுட்டுக்கொண்டிருந்தோம். அந்த வருடம் பக்கத்து மாவட்டத்தில் நூறு மீட்டர் போட்டி அறிவித்திருந்தார்கள். நாங்கள் வைத்திருந்த சின்ன ரைபிளுக்கு அது நீண்ட தூரம். ஸ்கோப் இல்லாமல் அந்தப் போட்டிக்குப் போவதில் அர்த்தமில்லை. நல்ல ஸ்கோப் ரைபிளைவிட விலை அதிகம், மலிவானவற்றில் பாதி ஏமாற்று. எதை வாங்குவது என்று தெரியாமல் ஆளாளுக்கு ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து சண்டை போட்டோம்.

கடைசியில் கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர், எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் மூன்று ஸ்கோப்புகளைக் கொடுத்து, பார்த்துவிட்டுப் பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொன்னார். பார்க்கும் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் எப்போது கேட்டாலும் ஏதாவது ஒன்று பாக்கி இருந்தது. உச்சி வெயிலில் பார்த்துவிட்டேன், சாயங்காலம் எதிர்வெயிலில் பார்க்கவில்லை என்பார். அதுவும் முடிந்தால், லாரி போகும்போது தரை அதிருமே, அப்போது பார்க்கவில்லை என்பார். இப்போது மழை.

செம்பட்டி ரோட்டில் அவருக்குச் சொந்தமாக ஒரு எடைமேடை இருந்தது. லாரிகளை ஏற்றி எடை போடும் இரும்பு மேடை. பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, அதற்குள் அக்கா. அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். காலேஜில் படித்தபோது என்.சி.சி.யில் ரைபிள் பிடித்தவர். கல்யாணம், பிள்ளை என்று நடுவில் விட்டுப்போனதை, மகள் வேலைக்குப் போன பிறகு மறுபடி தொட்டார். நான் திண்டுக்கல்லில் சொட்டுநீர்க் குழாய் வியாபாரம் செய்கிறவன். என் சரக்கு லாரிகள் அவர் மேடையில்தான் ஏறும். அந்தப் பழக்கத்தில் என்னைக் கிளப்புக்கு இழுத்து வந்தவரும் அவர்தான்.

அவரிடம் யாரும் ஊகம் கேட்க முடியாது. தக்காளி ஏற்றிய வண்டி ரோட்டில் நிற்கும். மேடையில் வேறு லாரி இருக்கும். ஒட்டன்சத்திரத்து வியாபாரி ஜன்னலில் தலையை நீட்டி, "ஏனுங்க, இத்தனை வருசமா பாக்கறீங்க, தோராயமா எவ்வளவு இருக்கும்னு சொல்லுங்களேன்" என்பார். "மேடையில ஏத்துங்க, பாத்துச் சொல்றேன்" என்பார் அக்கா. அவ்வளவுதான் பதில்.

அவர் புருஷன் இதற்கு நேர் எதிர். தேங்காய் வியாபாரம், வாயைத் திறந்தால் கதை. கன்னிவாடிப் பக்கம் யானை துரத்தியது, சிறுத்தை ரோட்டைத் தாண்டியது என்று கையை ஆட்டிச் சொல்வார். நாங்கள் வாயைப் பிளந்து அக்காவைப் பார்ப்போம். "யானை வந்துச்சுன்னு சொன்னாரு. நான் பாக்கலை" என்பார் அக்கா, டீயை ஆற்றியபடி. மாமாவுக்கு அதில் கோபமே வராது. "இவளைக் கூட்டிட்டுப் போனா யானை வராது மாப்ள, அதான் சிக்கல்" என்று சிரிப்பார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிட்டேன். அக்காவின் புருஷன் வேறு என்ன முறை.

ஒருமுறை என் சித்தி மகளுக்கு நிலக்கோட்டையில் பூ வியாபாரம் செய்யும் குடும்பத்தில் வரன் வந்தது. பையன் அக்காவுக்குத் தெரிந்தவன் என்று கேள்விப்பட்டு சித்தியை அழைத்துக்கொண்டு போனேன். "பையன் எப்படிம்மா?" என்று சித்தி கேட்டார். அக்கா சொன்னார். "பூ வண்டி லேட்டாகி, பூவை ஏத்த வேண்டிய பஸ் போயிருச்சு ஒருநாள். கூட வந்த கூலியாளைத் திட்டாம நின்னான். அதைப் பாத்தேன்." சித்தி காத்திருந்தார். "மத்தது?" "மத்ததை நான் பாக்கலையேம்மா." வெளியே வந்து சித்தி முணுமுணுத்தார். "ஒரு நல்ல வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போயிரும் இந்தப் பொம்பளைக்கு." ஆனால் அந்த வரன்தான் முடிந்தது. மற்றவர்கள் சொன்ன நல்ல வார்த்தைகள் எல்லாம் மறந்துபோய், திட்டாமல் நின்றான் என்பது மட்டும்தான் சித்தியின் மனதில் நின்றது என்று பிறகு சொன்னார்.

அந்தச் சித்திரையின் கடைசியில் ஒரு சாயங்காலம் திடீரென்று இடி இடித்துக் கோடைமழை பெய்தது. நான் கடை வாசலில் குழாய்க் கட்டுகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"தம்பி, பாத்துட்டேன். ஞாயித்துக்கெழமை எல்லாரையும் இங்க வரச்சொல்லு."

போனோம். ஓய்வுபெற்ற எஞ்சினியரான கிளப் செயலாளரும் வந்திருந்தார். மூன்று ஸ்கோப்புகளையும் மூன்று தேக்குக் கட்டைகளில் திருகி ஜன்னல் திட்டில் இறுக்கி வைத்திருந்தார் அக்கா. ரோட்டுக்கு அந்தப் பக்கம், தென்னந்தோப்புக்கும் அப்பால் ஒரு பழைய குடோன் சுவர். அதில் பெரிய கட்டம் போட்ட தாளும், பக்கத்தில் நம்பர் போட்ட இரண்டு இலக்கு அட்டைகளும் ஒட்டியிருந்தன. எங்களை ஒவ்வொருவராக உட்கார வைத்தார்.

முதல் ஸ்கோப் பார்க்கவே பிரமாதமாக இருந்தது. செயலாளர் முதல் நாளே மனதுக்குள் முடிவு செய்தது அதைத்தான். மூன்றிலும் அதிகம் பெரிதாகக் காட்டுவது அதுதான். தாளில் இருந்த கோடு கயிறு போலத் தெரிந்தது.

"இப்ப குறுக்குக் கோட்டை நடுப்புள்ளியில வையுங்க சார். மேல இருக்கிற திருகைப் பத்து சொடுக்கு ஏத்துங்க. பக்கத்துத் திருகைப் பத்து சொடுக்கு வலது. இப்ப மேல் திருகைப் பத்து எறக்குங்க. பக்கத்துத் திருகைப் பத்து இடது. எங்க நிக்குது?"

செயலாளர் கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். "கொஞ்சம் தள்ளி நிக்குதும்மா."

"நூறு மீட்டருக்கு இந்தக் கொஞ்சம் போதும், ஒரு வளையம் போயிரும். பத்துச் சொடுக்கு போனா பத்துச் சொடுக்கு திரும்பி வரணும்ல. என் மேடையில லாரி எறங்குனதும் முள்ளு ஜீரோவுக்கு வரலைன்னா அதுல அடுத்த லாரியை நான் ஏத்துவேனா?"

இரண்டாவது ஸ்கோப் திரும்பி வந்தது. ஆனால் சூரியன் சாய்ந்து எதிரே வரும் நேரத்தில் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும் என்றார். சாயங்காலம் வரை இருந்து பார்த்தோம், வெளுத்தது. மூன்றாவது பார்க்க ஒரு கறுப்புக் குழாய். பெயர் கேள்விப்படாத கம்பெனி. இருப்பதில் குறைவாகப் பெரிதுபடுத்துவது அதுதான். அது எத்தனை தடவை திருகினாலும் புள்ளிக்கு வந்து நின்றது. மழை ஈரத்தில் உள்பக்கம் ஆவி படியவில்லை என்றார். அன்று மதியமே மூன்று ஸ்கோப்புகளிலும் பார்த்தபோது வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. பெரிதாகக் காட்டுவதில் தரையிலிருந்து எழும் கானலும் பெரிதாகி, தாள் கொதிக்கும் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளிந்தது. இதில் கானல் மெல்லிய நீரோட்டமாக ஒரு பக்கம் ஓடுவது மட்டும் தெரிந்தது.

"அது ஓடுற பக்கந்தான் காத்து. அதுவும் நமக்கு வேணும்ல" என்றார் அக்கா.

"பெருசாக் காட்டுற நம்பர் கம்மியா இருக்கேம்மா" என்றார் செயலாளர், மனசில்லாமல்.

"இதுல அட்டை தெரியுது, அட்டைக்கு மேல நம்பர் தெரியுது, பக்கத்து அட்டையும் தெரியுது. நான் பாத்தது இம்புட்டுத்தான் சார். முடிவு நீங்க பண்ணுங்க."

மூன்றாவதை வாங்கினோம். விலையிலும் அதுதான் குறைவு.

ஆவணியில் போட்டி. ஆடிக்காற்று முழுதாக ஓயவில்லை. ஒரு கிளப்புக்கு நாலு பேர், ஆளுக்குப் பத்துக் குண்டு. முதல் மூன்று இடங்களுக்குள் வரும் கிளப் மாநிலப் போட்டிக்குப் போகும். நான் மூன்றாவதாகப் படுத்துச் சுட்டேன். என் வாழ்க்கையிலேயே நன்றாகச் சுட்ட நாள் அதுதான். அக்கா கடைசி ஆள். பின்னால் பெரிய தொலைநோக்கியை வைத்துக்கொண்டு செயலாளர் கூட்டிக்கொண்டே வந்தார். அக்காவுக்கு ஒரு குண்டு பாக்கி இருக்கும்போது என் காதில் சொன்னார். "ஒம்பது பாயிண்ட் விழுந்தாப் போதும். நாம மூணாவது."

அக்கா சுடவில்லை. காற்று அடங்கக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்துத் தடத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் விலை உயர்ந்த ஸ்கோப் வைத்திருந்தார், அவர் சுட்ட சத்தம் கேட்டது. அடுத்த நொடி செயலாளர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். "பத்து. பத்து போட்டுட்டா. முடிஞ்சது."

அக்காவின் அட்டையில் நடு வளையத்துக்குள் புதிதாக ஒரு ஓட்டை. பத்து ஓட்டைகள், கணக்கு நிறைந்துவிட்டது. நான் கைதட்டப் போனேன். அப்போது அக்கா ரைபிளின் போல்ட்டைத் திறந்தார். உள்ளே இருந்து சுடாத தோட்டா ஒன்றை எடுத்துப் பாயில் வைத்தார். பிறகு கையை உயர்த்தினார்.

களத்தைக் கவனித்துக்கொண்டிருந்த ரேஞ்ச் ஆபீசர் வந்தார். "என்னம்மா?"

"என் அட்டையில வேற ஆளு குண்டு விழுந்திருக்கு சார்."

அவர் குனிந்து தொலைநோக்கியில் பார்த்தார். "பத்துதான் இருக்கு. சரியா இருக்கேம்மா."

"நான் ஒம்போதுதான் சுட்டேன். அந்த நடு ஓட்டை என்னுது இல்லை. விழுறதைப் பாத்தேன்."

பக்கத்துத் தடத்துக்காரர் தலையைத் தூக்கினார். தன் அட்டையில் எதுவும் விழாமல் போனதைப் பார்த்து, குண்டு எங்கோ காட்டுக்குப் போய்விட்டது என்று நினைத்து முகம் வெளுத்துப் போயிருந்தார் அவர். ஸ்கோப்பைப் பெரிதாக வைத்து, ஒரே ஒரு அட்டை மட்டும் தெரிய, அது யாருடைய அட்டை என்று நம்பரைப் பார்க்காமல் சுட்டிருக்கிறார். "எனக்குத் தெரியலைங்க" என்றார் உண்மையாகவே.

அரைமணி நேரம் போனது. அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். குண்டு அவர் கணக்குக்குப் போனது. அக்கா தன் கடைசிக் குண்டைச் சுட வேண்டும். அதற்குள் காற்று ஏறிவிட்டது. புழுதி தரையோடு ஓடியது. அக்கா படுத்தார், வெகுநேரம் மூச்சை அடக்கி இருந்தார், சுட்டார். கண்ணை எடுக்காமல், யாரும் கேட்கும் முன், "ஏழு. இடது பக்கம்" என்றார். ஏழுதான். நாங்கள் நான்காவது.

வேனில் திரும்பினோம். டீக்கடையில் நிறுத்தியபோது செயலாளர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "யாரும்மா உன்னைக் கேட்டா?"

"யாரும் கேக்கலை சார்."

"தெரியாம விழுந்தது. நாம திருடலை. சும்மா இருந்திருந்தாப் போதும்."

அக்கா தம்ளரைக் கீழே வைத்தார். "ஒங்க எல்லாருக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். தம்பி இன்னைக்கு எம்புட்டு நல்லாச் சுட்டுச்சு, அதையும் பாத்தேன். ஆனா அந்த ஓட்டையைப் பாக்காத மாதிரி எனக்கு இருக்கத் தெரியலை சார்."

எனக்குக் கோபம் இருந்தது. வீடு வந்து படுத்த பிறகும் இருந்தது. அந்தத் தோட்டாவை அவர் பாயில் வைத்த விதம்தான் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. கை நடுங்கவில்லை. ஒரு பொருளை அதன் இடத்தில் வைப்பது போல வைத்தார். அப்படி ஒரு ஆளோடு நான் ஒரே பாயில் படுத்துச் சுட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது, கோபம் இருந்த இடத்தில் மெல்ல வேறொன்று வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அதற்கு அடுத்த வருடம் தை மாதம். மறுநாள் பயிற்சிக்கு வேண்டுமென்று ஸ்கோப்பை வாங்க சாயங்காலம் எடைமேடைக்குப் போயிருந்தேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சாலைக்கு முதுகு காட்டி நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். அக்காவின் கை நின்றது. "ஐயோ" என்று ஒரு சத்தம், ரொம்பச் சின்னதாக. பிறகுதான் பிரேக் சத்தமும் இடி விழுந்தது போன்ற ஓசையும் கேட்டன.

அக்கா எனக்கு முன்னால் ஓடினார். மக்காச்சோளம் ஏற்றிய லாரி ரோட்டில் குறுக்காக நின்றது. மாமாவின் மொபெட் அதன் முன்சக்கரத்துக்கு அடியில். மாமா ஓரத்தில் கிடந்தார். தேங்காய்கள் ரோடெல்லாம் உருண்டிருந்தன. தலையில் ரத்தம். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அக்கா உட்கார்ந்து தலையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் அழுத்தினார்.

அதற்குள் ரோட்டு முக்கிலிருந்து கூட்டம் வந்துவிட்டது. லாரி டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டார்கள். முப்பது வயதுகூட இருக்காது. "நானுங்க… மெதுவாத்தானுங்க வந்தேன்…" என்று சொல்லத் தொடங்கினான், வாயிலேயே ஒரு அடி விழுந்தது. எல்லோருக்கும் மாமாவைத் தெரியும். எல்லோருக்கும் அவர் கதை சொல்லியிருக்கிறார். ஒருவன் ரோட்டோரத்தில் கிடந்த கல்லை எடுத்தான்.

"அந்தப் பையனை விடுங்க" என்றார் அக்கா. யார் காதிலும் விழவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, இங்க உக்காரு. தலையைப் புடி. துணியை அழுத்தியே வச்சுக்க, விட்டுராத."

மாமாவின் தலையை என் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்து கூட்டத்துக்குள் போனார். அவர் சேலை முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. அதைப் பார்த்ததும் வழி விட்டார்கள். கல் வைத்திருந்தவனுக்கும் டிரைவருக்கும் நடுவில் போய் நின்றார்.

"இவன் மேல தப்பு இல்லை. லாரி மெதுவாத்தான் வந்துச்சு. அவருதான் திரும்பிப் பாக்காம வளைச்சாரு. ஜன்னல்ல இருந்து நான் பாத்தேன்."

"யக்கா, ஒம் புருசன்க்கா அங்க கெடக்குறது."

"ஆமா. எம் புருசன்தான்."

கல் வைத்திருந்த கை தொங்கியது. அக்கா டிரைவரின் சட்டைக் கையைப் பிடித்துத் தூக்கினார். "எந்திரி அப்பு. அந்த வேனை மறி. இவரைத் தூக்க ஆளு வேணும்."

வேனில் மாமாவை ஏற்றியவர்களில் அந்த டிரைவரும் ஒருவன். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அக்கா எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் கைகள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கைகள் நடுங்கி நான் பார்த்ததில்லை. ஒன்றை இன்னொன்றால் பிடித்துப் பார்த்தார். நிற்கவில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

மாமா பிழைத்தார். நினைவு திரும்பச் சில நாட்கள் ஆயின. காலைக் காப்பாற்றிவிட்டார்கள், பழைய நடை வராது என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமாவின் தம்பி அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. "அண்ணி, ஊருக்கே சொல்லி வச்சிருக்கீங்க. இனி கேஸ் நிக்குமா? நஷ்ட ஈடு ஒரு பைசா தருவானா? அண்ணன் நாளைக்கு எப்படிப் பொழைக்கும்?" அக்கா சுவரைப் பார்த்து நின்றார். புருஷனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவள் என்று சொந்தக்காரர்கள் அவரோடு ஒரே பெஞ்சில் உட்காராமல் இருந்தார்கள்.

வாக்குமூலம் வாங்க ஏட்டு வந்த அன்று நானும் இருந்தேன். மாமாவின் தம்பி முதலிலேயே அவர் காதில் குனிந்து, லாரி வேகமாக வந்தது என்று மட்டும் சொன்னால் போதும் என்று சொல்லியிருந்தார். அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மாமா தலைக்கட்டுக்குள்ளிருந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"லாரி வேகமா வந்துச்சா?" என்று கேட்டார் ஏட்டு.

"இவ என்ன சொல்லியிருக்கா?"

"நீங்க திரும்பிப் பாக்காம வளைச்சதா சொல்றாங்க."

தம்பி தொண்டையைச் செருமினார். மாமா கண்ணை மூடித் திறந்தார்.

"அப்ப அதையே எழுதுங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை. இருந்தாலும் என் ஞாபகத்தைவிட அவ கண்ணு நல்லாருக்கும்."

ஏட்டு எழுதினார், கைநாட்டு வாங்கினார், போனார். தம்பியும் பின்னாலேயே வெளியேறினார். வந்த நாளிலிருந்து நின்றுகொண்டே இருந்த அக்கா முதல்முறையாக ஸ்டூலை இழுத்துப் போட்டுப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டுப்போட்ட காலை ஒரு விரலால் தொட்டார்.

"வலிக்குதா?"

"சேச்சே, இல்லவே இல்ல" என்றார் மாமா. நெற்றியெல்லாம் வேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து நர்ஸைக் கூப்பிடப் போனார்.